ஏழாவது போத்தல்

மெராந்தி தோட்டம், பீடோங்
12-8-1931

சிவமயம்

தம்பி அரியத்துக்கு,

உனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பது இந்த இரண்டரை வருடத்தில் மறந்துபோயிருக்கும். மறந்தால் மறந்துவிட்டுப் போ. உறவு கொண்டாட நான் எழுதவில்லை.

இங்கே கூலிக்காரர் லயத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். தாய்மார் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள். காய்ச்சல் நாளுக்கு நாள் ஒரு படி ஏறுகிறது. நாக்கு வெள்ளை பூத்து, வயிறு ஊதி, கூப்பிட்டால் ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொள்கின்றன. கொயினாவுக்கு மசியவில்லை. நம் ஊரில் நெருப்புக் காய்ச்சல் என்று சொல்லும் டைபாய்டுதான் இது. பன்னிரண்டு வயதில் நாற்பது நாள் கிடந்து எழும்பினவளுக்குத் தெரியாதா?

டவுன் டாக்டர் வாரத்தில் ஒருநாள் எட்டிப் பார்க்கிறார். மற்ற ஆறு நாளும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் என்று உன் அத்தான் தலையில்தான். அவர் உனக்கு எழுத மாட்டார். பூரணத்தை எரித்துவிட்டு வந்த அன்று முற்றத்தில் நின்று, "மலேரியா எண்டு சொல்லிப் பத்து நாள் கொயினா குடுத்து என்ரை மனிசியைக் கொண்டுபோட்டியள்" என்று கேட்டாயே, அது இன்னும் அவருக்கு ஆறவில்லை. உன் மனைவி உனக்கு எப்படியோ, எனக்கும் அவள் அப்படித்தான். ஆனால் நான் உன்னைப்போல வாயை விடவில்லை.

அத்தான் ஆயா புஷ்பவள்ளியைச் சந்தேகிக்கிறார். கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவள் அவள்தான். நேற்றோடு கொட்டகைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார். எனக்கும் அவள் கைச்சுத்தத்தில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஆனாலும் ஊகத்தை வைத்து ஒருத்தியின் பிழைப்பில் கைவைக்கக் கூடாது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை விட்டுக்கொண்டிருக்கிறாயே, இது யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்.

உன் அக்கா,
இராசம்மா


அலோர் ஸ்டார்
15-8-1931

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளுக்காகச் செய்கிறேன், அத்தானுக்காக அல்ல. இதை அவரிடம் வாசித்தும் காட்டலாம்.

இதோடு வரும் பெட்டியில் சிறு குழாய்களும் போத்தல்களும் இருக்கின்றன. காய்ச்சல்காரப் பிள்ளைகளின் இரத்தம் குழாய்களுக்கு. போத்தலில் இருப்பது கிளிசரின் கலந்த உப்புத் தண்ணீர்; அதைக் கொட்டிவிட வேண்டாம். பிள்ளைகளின் சாப்பாட்டையோ தண்ணீரையோ தொடுகிற ஒவ்வொருவரின் மலமும் கொஞ்சம், மூன்று நாள், மூன்று முறை வேண்டும். ஒருநாள் ஒளிந்துகொண்டு மறுநாள் தலைகாட்டும் கிருமி இது. எல்லாரும் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். யாரையும் விடவேண்டாம். காலை ரயில் கார்டின் கையில் கொடுத்தால் மதியம் எனக்கு வந்துவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் குறை சொல்லாதே. நான் கண்டுபிடித்தாலும் கொடுக்க மருந்து கிடையாது. இந்தக் கிருமியைப் பார்க்கலாம், வளர்க்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். மனித உடம்புக்குள் இருக்கும்போது கொல்ல முடியாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, கஞ்சித் தெளிவும் பார்லித் தண்ணீரும் கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். மூன்றாம் வாரத்தில் பசி வரும். அழுதாலும் சோறு கொடுக்கக் கூடாது. குடல் புண்ணாகி நூல்போல் இருக்கும் நேரம் அது.

புஷ்பவள்ளியை நான் சொல்லும்வரை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அரியரத்தினம்


மெராந்தி தோட்டம்
22-8-1931

தம்பிக்கு,

போத்தல்கள் வந்து சேர்ந்திருக்கும். ஆறு பேர். புஷ்பவள்ளி, தண்ணீர் தூக்குகிறவர்கள் இரண்டு பேர், ஆஸ்பத்திரிச் சமையல்காரர், பால் கொண்டுவருகிறவர், கொட்டகை கூட்டுகிற கிழவி. இதைக் கேட்டு வாங்குவதற்குள் உன் அத்தானின் மானம் கப்பல் ஏறிவிட்டது. புஷ்பவள்ளி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு போத்தலைக் கொண்டுவந்து வைத்தாள். "நான் வேலைக்கு வந்தது புள்ளைங்கள வளக்கத்தாம்மா" என்றாள்.

கங்காணி பக்கிரிசாமியின் மகள் நேற்று முன்தினம் போய்விட்டாள். ஆறு வயது. காய்ச்சல் இறங்கிவிட்டது, பிள்ளை சிரித்துக் கதைத்தது, பசிக்குது பசிக்குது என்று தாயைப் பிய்த்து எடுத்திருக்கிறது. நாங்கள் படித்துப் படித்துச் சொல்லியும் பெற்றவள் மனம் பொறுக்காமல் ஒரு பிடி சோறு கொடுத்துவிட்டாள். மறுநாள் வயிற்றால் இரத்தம் போனது. அத்தான் பிள்ளையின் வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேறு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தாங்க முடியவில்லை, தம்பி.

மருந்து இல்லை என்று நீ கைவிரித்துவிட்டாய். அம்மாளும் கைவிரிப்பாளா? புதுக் கோவில் கட்டி இந்த ஆடியில்தான் முதல் பூசை தொடங்கினோம். ஆடி வெள்ளி ஒவ்வொன்றுக்கும் பஞ்சாமிர்தம் என் பொறுப்பு. ஆடி முடிந்தாலும் பிள்ளைகள் எழும்பும்வரை விடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறேன். நேற்று இரண்டு மடங்கு செய்தேன். குளித்து, ஈரச்சேலையோடு, கரண்டி படாமல் என் கையாலேயே பழத்தைப் பிசைந்து, வெல்லமும் தேனும் பாலும் விட்டு. கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பெண்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு இலையில் எறிந்துவிட்டுப் போவார்கள். நான் அப்படியில்லை, ஒவ்வொன்றின் வாயிலும் ஊட்டிவிடுவேன். அதனால்தான் லயத்தில் என்னைக் கண்டால் அவ்வளவு பிரியம்.

விரைவில் எழுது.

அக்கா


அலோர் ஸ்டார்
29-8-1931

அக்காவுக்கு,

பக்கிரிசாமியின் மகளுக்கு இரத்தம் எடுத்த குழாய் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அத்தான் தன் கையெழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறார். அதைக் கழுவி வைக்க எனக்குக் கை வரவில்லை.

ஐந்து பிள்ளைகளுக்கும் நெருப்புக் காய்ச்சல்தான். அவர்களின் இரத்தத் தெளிவில் இங்கே நான் வளர்த்து வைத்திருக்கும் கிருமியை விட்டால், நீந்திக்கொண்டிருப்பவை எல்லாம் கட்டி கட்டியாக ஒட்டி நின்றுவிடுகின்றன. சந்தேகமே இல்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய ஆறு பேரும் சுத்தம். மூன்று நாளும் சுத்தம். புஷ்பவள்ளியிடம் ஒன்றுமே இல்லை. அவளை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடுங்கள். லயத்துச் சனங்கள் கேட்க அத்தானே அவளிடம் மன்னிப்புக் கேட்டால் நல்லது.

ஆகவே பட்டியலில் இல்லாத ஒருவர் இருக்கிறார். நோயாளியாக இருக்கவேண்டும் என்றில்லை. எப்போதோ காய்ச்சல் வந்து குணமான ஆள், நல்ல திடகாத்திரமாகவே நடமாடலாம். கிருமி பித்தப்பையில் குடியிருந்துகொண்டு வருடக்கணக்காக வெளியே போகும். சுடச்சுடத் தின்னும் சாப்பாட்டில் பயமில்லை, நெருப்பு அதைக் கொன்றுவிடும். நெருப்பில் வைக்காத எதையாவது யாராவது பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்களா என்று யோசி. எந்தப் பிள்ளை எந்தத் தேதியில் விழுந்தது என்றும் எழுது.

அரியம்


மெராந்தி தோட்டம்
2-9-1931

தம்பிக்கு,

தேதி கேட்டாய். முதல் இருவர் ஜூலை 29. அடுத்தவள் ஆகஸ்ட் 3. பிறகு 6, 7 தேதிகளில் இரண்டு. இப்போது புதிதாக மூன்று, ஆகஸ்ட் 28க்குப் பிறகு. புஷ்பவள்ளியைத்தான் ஆகஸ்ட் 11 அன்றே நிறுத்தியாகிவிட்டதே, பிறகும் எப்படி?

அவளைத் திரும்பக் கூப்பிட்டோம். வந்தாள். ஆனால் ஒரு தாயும் பிள்ளையை அவளிடம் விடவில்லை. வெறும் கொட்டகையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அத்தான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உன்ரை தம்பி தேடுறது கிருமியை இல்லை, என்ரை பிழையை" என்கிறார்.

பட்டியலில் ஒருவரையும் விடவில்லை. எங்கள் வீட்டை விட்டால் வேறு யார்? எனக்கு விளங்காதது ஒன்று. லயத்தில் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம் இரண்டு இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் அதே கஞ்சியைக் குடித்து, அதே கொட்டகையில்தான் புரண்டன. ஒன்றுக்கும் தலைவலி கூட இல்லை. அம்மாளைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளைத்தான் பார்த்துப் பார்த்து எடுக்கிறது. என்ன நியாயம் இது?

கேள், தம்பி. அந்தக் கை எது என்று மட்டும் சொல். யாராக இருந்தாலும் சரி, நானே போய் அதைப் பிடித்து நிறுத்துகிறேன்.

அக்கா


அலோர் ஸ்டார்
5-9-1931

அக்கா,

உன் தேதிகளை மூன்று நாளாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆடி முதல் வெள்ளி ஜூலை 17. இந்தக் காய்ச்சல் உள்ளே போய்ப் பத்துப் பன்னிரண்டு நாளில் வெளியே காட்டும்.

பஞ்சாமிர்தத்தை நிறுத்து. நேற்றும் செய்திருப்பாய். இனிமேல் வேண்டாம்.

நீயும் மூன்று போத்தல் அனுப்பவேண்டும். நீதான் என்று நான் சொல்லவில்லை. நீ இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அரியம்


மெராந்தி தோட்டம்
7-9-1931

அரியரத்தினத்துக்கு,

தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? குளிக்காமல் அடுப்படிக்குள் காலடி வைக்காதவள் நான். கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று லயம் லயமாகப் போய்த் தொண்டை கிழியக் கத்தினவள் நான். எனக்கு ஒரு தும்மல் உண்டா? சுகமில்லாத ஆளிடமிருந்துதானே சுகவீனம் வரும்? என் கையால் வருடக்கணக்காகத் தின்கிற உன் அத்தானும் என் மகள் திலகமும் கல்லுக் குத்திபோலத் திடமாக இருக்கிறார்களே, அதற்கு உன் பூதக்கண்ணாடி என்ன சொல்கிறது? சாமிக்குப் படைத்ததைக் குற்றம் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? படித்த படிப்பு தலைக்கேறிவிட்டது.

10-9-1931

மேலே எழுதியதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று இன்னும் இரண்டு பிள்ளைகள் விழுந்துவிட்டன.

திலகத்துக்கு மூன்று வயதில் பன்னிரண்டு நாள் காய்ச்சல் வந்தது நினைவுக்கு வருகிறது. அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் வருடா வருடம் இந்தக் காய்ச்சல் வராமலிருக்க ஊசி போடுகிறார்கள்.

மூன்று போத்தலையும் அவருக்குத் தெரியாமல் நானே கட்டினேன். முதல் ஆறு பேரின் போத்தல்களும் லயத்துச் சனத்தினுடையவை, ஏழாவது என்னுடையது. புஷ்பவள்ளி ஏன் முகத்தை மூடினாள் என்று இப்போது தெரிகிறது.

பார்த்துச் சொல்.

இராசம்மா


அலோர் ஸ்டார்
21-9-1931

என் அக்காவுக்கு,

முதல் போத்தலில் ஒன்றுமில்லை. அன்றைக்கே உனக்குத் தந்தி அடிக்கப் பார்த்தேன். நல்லகாலம், அடிக்கவில்லை.

இரண்டாவதைத் தட்டில் தேய்த்து வைத்தேன். சாதாரணக் குடல் கிருமிகள் அந்தத் தட்டில் சிவப்புப் பொட்டாக வளரும். உன் தட்டில் சிவப்புக்கு நடுவே நிறமில்லாத பொட்டுகள், பனித்துளிபோல, ஏராளம். எந்த இனம் என்று அறிய அதில் ஒன்றை எடுத்து, விதவிதமான சர்க்கரை கரைத்த குழாய்களில் விட்டுப் பார்த்தேன். நெருப்புக் காய்ச்சல் கிருமியைக் கட்டியாக்கும் மருந்துநீரில் கரைத்தும் பார்த்தேன். ஒரு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு கண்ணுக்கு முன்னால் கட்டி கட்டியாகத் திரண்டது. மூன்றாவது போத்தலிலும் அதேதான். போத்தலை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று முழுவதையும் மறுபடி செய்தேன். என் வேலையில் பிழை இருக்கவேண்டும் என்று முதன்முதலாகக் கும்பிட்டேன். பிழை இல்லை, அக்கா.

பெரிய டாக்டரிடம் யாரென்று சொல்லாமல் கேட்டேன். மருந்து எதுவும் பலித்ததில்லை என்கிறார். பித்தப்பையை அறுத்து எடுத்தால் சிலருக்குப் போகிறதாம், சிலர் மேசையிலேயே போய்விடுகிறார்களாம். சுகமாக இருக்கிற ஒருத்தியை அறுக்க அவர் சம்மதிக்கவில்லை. நானும்தான்.

இனி உன் கையால் யாருக்கும் எதுவும் வேண்டாம். வீட்டிலும் சமைக்காதே. கையைச் சோப்பும் மருந்துத் தண்ணீரும் போட்டுக் கழுவு. அத்தானிடம் நான் பேசியது பிழை என்று அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

நடந்துபோன எதையும் உட்கார்ந்து கணக்குப் பார்க்காதே. உன் தம்பி கேட்கிறேன், பார்க்காதே.

அரியம்


மெராந்தி தோட்டம்
29-9-1931

தம்பி,

கணக்குப் பார்க்காதே என்று எழுதினாயே, அப்போதே பார்த்துவிட்டேன்.

29ஆம் வருடத் தைப்பூசத்துக்குப் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு நீ இங்கே வந்தாய். மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. பஞ்சாமிர்தம் மட்டும் இறங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நான்தான் ஊட்டினேன். இரண்டு வாரத்தில் படுத்தாள். உன் அத்தான் கொன்றுவிட்டார் என்று நீ சொன்னாய். உனக்குள்ளும் இந்தக் கணக்கு ஓடித்தான் இருக்கும். அதை எழுதாமல் விட்டதற்கு உன்னைக் கோபிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. கேட்டால் மன்னித்துவிடுவாய். அதுதான் பயமாக இருக்கிறது.

புஷ்பவள்ளியிடம் போய்ச் சொன்னேன். அழவில்லை, திட்டவில்லை. "எனக்குத் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போவுது? எல்லார் முன்னாலயும் சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நான் என்ன செய்ய?

இராசம்மா


அலோர் ஸ்டார்
3-10-1931

அக்கா,

தட்டில் அந்தப் பொட்டுகளைக் கண்ட அன்றே எனக்குப் பூரணம் நினைவுதான். பொய் சொல்ல மாட்டேன், ஒருநாள் முழுக்க உன்மேல் கோபமாகவே இருந்தேன். இப்போது கோபப்பட யாரும் இல்லை. அத்தானையாவது குறை சொல்லிக்கொண்டு இரண்டரை வருடம் ஓட்டிவிட்டேன்.

சொல்லிவிடு. எல்லார் முன்னாலும் சொல்லிவிடு. அவளுக்கு அதுதான் நியாயம், பிள்ளைகளுக்கும் அதுதான் காவல். முத்திரை போட்ட அறிக்கையை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


மெராந்தி தோட்டம்
14-10-1931

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் வாசலில் நின்று சொல்லிவிட்டேன். வேலை போய்விடும், லயத்தில் அடித்தே போடுவார்கள் என்று அத்தான் தடுத்தார். அடிக்கட்டும் என்றுதான் போனேன். அடித்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒருவரும் அடிக்கவில்லை. பக்கிரிசாமி, மகளைப் பறிகொடுத்த அந்த மனிதர், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆயா மேல பழி வரக்கூடாதுன்னு அம்மா தன் தலையில போட்டுக்கிறாங்க. இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார். உன் அறிக்கையைக் காட்டினேன். இங்கிலீஷ், யாருக்கு வாசிக்கத் தெரியும்? "அம்மா சும்மா சொல்றாங்க லா. சாக்கிட் இல்லாத ஆளுகிட்டேருந்து எப்பிடிச் சீக்கு வரும்?" என்றது ஒரு குரல். நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. அம்மாள் பிரசாதத்தில் நோய் வருமா என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரமாவது பஞ்சாமிர்தம் உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

புஷ்பவள்ளி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூட்டையைக் கட்டிக்கொண்டு பெண்டாங்குக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நேற்றுப் பக்கிரிசாமியின் பெண்சாதி ஆறு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். கிண்ணத்தில் நெய்ச்சோறு. "அம்மா ராசியான கையால மொத வாய் ஊட்டுங்க. பொண்ணுதான் போயிட்டா, இவனாச்சும் நிலைக்கட்டும்" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தேன். "தொட்டாவது குடுங்கம்மா" என்று கிண்ணத்தை நீட்டிக்கொண்டே வந்தாள். போ, போய்விடு என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அழுதது.

அவள் கிண்ணத்தை முந்தானையால் மூடினாள். பிறகு, "புரியுதும்மா. லயத்துப் புள்ள வாயில கை பட்டா தீட்டு, அதானே? இத்தனை நாள் ஊட்டுனதெல்லாம் சாமிக்காக. நாங்கதான் வேற மாரி நெனச்சிட்டோம்" என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கிண்ணம் திரும்ப வரும். வாயை மூடிக்கொண்டேன். அவள் படியிறங்கிப் போனாள்.

இன்று காலைக்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது. டிரெஸ்ஸர் அம்மா சாதி பார்க்கிறாளாம். ஒருத்தியும் பிள்ளையை என் பக்கம் விடவில்லை. உண்மையை ஊரைக் கூட்டிச் சொன்னேன், ஒருவர் நம்பவில்லை. இதை யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்பிவிட்டார்கள். இனி யாராவது கேட்டால் ஆமாம், சாதிதான் பார்க்கிறேன் என்றே சொல்லப்போகிறேன், தம்பி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் அக்கா,
இராசம்மா